வெள்ளி ரூபாயைத் திருநீறு போட்டுத் துலக்காதீர்கள்

எங்கள் பக்கம் வெள்ளிச் சாமான் கறுத்தால் திருநீறு, குத்துவிளக்கு கறுத்தால் புளி. அந்தப் பழக்கத்தில் ஆச்சியின் பெட்டியிலிருந்து கிடைத்த 1917-ஆம் வருட ரூபாய் ஒன்றை நானும் தேய்த்து வைத்தேன். திருநெல்வேலி டவுன் ரத வீதியில் பழங்காசு வாங்குகிறவர் லென்ஸில் ஒரு நொடி பார்த்தார். "துலக்கிட்டீங்களே அண்ணாச்சி" என்றார். அதோடு விலை பாதிக்கும் கீழே போனது.

கொஞ்ச நாளே கைமாறி, ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும் காசைச் சேகரிப்பவர்கள் ஏயூ என்பார்கள். காசின் தரத்தைச் சொல்லும் 70 புள்ளி அளவுகோலில் 50 முதல் 58 வரை. 60-இல் இருந்து புழங்காத காசு.

இதற்கு மதிப்பே அச்சுப் பளபளப்பில்தான். அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத வரிகளாக நிற்கும். ஒற்றை விளக்கின் அடியில் காசைச் சாய்த்துச் சுற்றினால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுழலும். திருநீறோ பற்பசையோ அந்த வரிகளைச் சிராய்த்துவிடும். அப்புறம் மிஞ்சுவது வெறும் பாத்திரப் பளபளப்பு. கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தேய்மானம் பார்ப்பதிலும் பலர் தடுமாறுவார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடம், புருவம், காது, அங்கியில் இருக்கும் யானை, இந்த மேடுகளைப் பாருங்கள். அங்கே நிறம் மங்கி ஒளி அறுந்திருந்தால் தேய்மானம். உருவம் தெளிவில்லாமல், ஒளி மட்டும் அறுபடாமல் ஓடினால் அச்சு சரியாக அழுந்தவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒன்றல்ல.

தரப் புள்ளியை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறுதான். சாக்கில் மற்ற காசுகளோடு இடிபட்டு முகமெல்லாம் வடுவான 60-ஐவிட நல்ல 58 அழகாக இருக்கும். என் கை 58-க்குத்தான் போகும்.

1911-ஆம் வருட ரூபாய் என்றதும் அவசரப்படாதீர்கள். அதில் யானை பன்றி மாதிரி இருக்கிறதென்று எதிர்ப்பு வர, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். அதனால் 1911-க்குக் கிராக்கி, போலியும் உண்டு. எடை 11.66 கிராம் வருகிறதா என்று முதலில் நிறுத்துப் பாருங்கள். பிறகு விளிம்பைச் சுற்றிலும் தடவுங்கள். காசுமாலையில் கோத்த ரூபாய் என்றால் வளையம் பற்றவைத்த இடம் எவ்வளவு அரம் போட்டாலும் லேசாகத் தட்டுப்படும்.

வைப்பதற்கு மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்று வேறு. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ராஜா முகத்தில் யாராவது பெருவிரலை அழுத்தினால் நான் சொல்லிவிடுவேன், கோபித்துக்கொண்டாலும் சரி.