ஜெர்மனியில் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி): 27 மாதமா, 21 மாதமா?

"அக்கா, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, பி.ஆர். போடலாமா?" ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஊர் ஜூனியர்கள் இப்படிக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பி1 முடிச்சாச்சா?" பி1 என்பது ஜெர்மன் மொழியில் நடுத்தர நிலைத் தேர்வு. பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

முதலில் உங்கள் வழி எது என்று பாருங்கள். இங்கே மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாத விசா தருவார்கள். படிப்புக்கேற்ற வேலை அமைந்து சம்பளமும் எட்டினால் ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை விசா) கேளுங்கள். 2026-ல் அதற்கு வருடச் சம்பளம் 50,700 யூரோ வேண்டும். ஐ.டி., இன்ஜினியரிங் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கும் 45,934.20 யூரோ போதும். ப்ளூ கார்டு வேலையில் 27 மாதம் இருந்து, அத்தனை மாதமும் பென்ஷன் கட்டியிருந்தால் ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மனோடு பி.ஆர். கேட்கலாம். பி1 இருந்தால் 21 மாதமே போதும்.

சம்பளம் எட்டாமல் சாதாரண வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. இங்கே படித்தவர்களுக்கு 2 வருடம், 24 மாத பென்ஷன். ஊரில் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவர்களுக்கு 3 வருடம், 36 மாத பென்ஷன். இரண்டிலும் பி1 கட்டாயம்.

27-க்கும் 21-க்கும் ஆறு மாதம்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். கார் கம்பெனிகளும் அவற்றுக்கு பார்ட்ஸ் செய்து தருபவர்களும் ஆளைக் குறைக்கும் காலம் இது. ப்ளூ கார்டில் இருக்கும்போது வேலை போனால் விசாவும் சேர்ந்து ஆட்டம் காணும். பி.ஆர். கையில் இருந்தால் நிதானமாக வேறு வேலை தேடலாம், பிடித்தால் சொந்தமாகத் தொழிலும் தொடங்கலாம்.

அதனால் பி1-ஐ மாணவராக இருக்கும்போதே முடியுங்கள். ஆபீஸில் எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகு ஜெர்மன் வளராது. கோதே தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். நம்மவர்கள் பயப்படுவது பேச்சுக்குத்தான். இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போக வேண்டும், எப்போது போகலாம், என்ன வாங்கிப் போகலாம் என்கிற மாதிரி ஒரு விஷயத்தைப் பேசி முடிவு செய்யச் சொல்வார்கள். பிறகு ஆளுக்கொரு சின்ன பிரசன்டேஷன். கடைசியில் மற்றவர் பேசியதைப் பற்றிக் கருத்துச் சொல்லி ஒரு கேள்வி கேட்க வேண்டும். இலக்கணம் கொஞ்சம் சறுக்கினாலும் போகட்டும். எதிரில் இருப்பவர் பேசியதற்குப் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் மார்க் போகும்.

அடுத்தது "லேபன் இன் டாய்ச்லாண்ட்" (ஜெர்மனியில் வாழ்க்கை) என்கிற பொது அறிவுத் தேர்வு. ப்ளூ கார்டுக்காரர்களுக்கும் இது உண்டு. 33 கேள்விகள், ஒரு மணி நேரம், 15 சரியாக இருந்தால் பி.ஆருக்குப் போதும். 17 எடுத்துவிட்டால் பிற்காலத்தில் குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் செல்லும். மொத்தக் கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை: பொதுவானவை 300, உங்கள் மாநிலத்துக்கு 10. ப்ளஸ் டூவில் புக் பேக் கேள்விகளை உருப்போட்டவர்களுக்கு இது ஒரு வார இறுதி வேலை. கட்டணம் 25 யூரோ. சான்றிதழ் வரத்தான் வாரக்கணக்கில் ஆகும், அதனால் சீக்கிரமே எழுதிவிடுங்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் பென்ஷன் பேப்பர். சம்பளத்தில் நம் பங்கு 9.3 சதவீதம், கம்பெனி பங்கு 9.3 சதவீதம் மாதாமாதம் போகிறது. அதற்கான பதிவைப் பென்ஷன் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் கேட்டால் தபாலில் அனுப்புவார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு சம்பளத்துக்கு, எத்தனை மாதம் என்று வரிவரியாக இருக்கும். அதைப் பார்த்ததும் "அய்யோ, இந்த வருஷத்தைக் காணோமே!" என்று எனக்கு போன் வரும். பதற வேண்டாம். ஒரு வருடக் கணக்கைக் கம்பெனி அடுத்த பிப்ரவரி 15-க்குள் அனுப்பினால் போதும் என்பதால் நடப்பு வருடம் அதில் ஏறியிருக்காது. விடுபட்ட மாதங்களுக்குச் சம்பளச் சீட்டுகளை இணைத்துவிடுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆதாரம் என்று குறித்துக் கொடுப்பது நல்லது. ஃபைலைப் பார்ப்பவருக்கு எண்ணுகிற வேலை மிச்சம்.

மற்றவை வழக்கமானவை: பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, இன்சூரன்ஸ் சான்று, வேலை நீடிக்கிறது என்று கம்பெனி தரும் கடிதம். வீட்டில் ஆளுக்குச் சுமார் 12 சதுர மீட்டர் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். புது வேலையில் ப்ரொபேஷனில் இருக்கும்போது விண்ணப்பித்தால் பல வெளிநாட்டவர் அலுவலகங்கள் இழுத்தடிக்கும். முடிந்தால் பி.ஆர். வாங்கிவிட்டு வேலை மாறுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்டை இன்னொரு தடவை மாற்ற அலைய வேண்டும். கட்டணம் 113 யூரோ.

கையில் இருக்கும் விசா முடிவதற்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். முடிவு தாமதமானால் இடைக்காலச் சான்று கேட்டு வாங்குங்கள். மூன்று மாதமாகியும் காரணம் சொல்லாமல் கிடப்பில் போட்டிருந்தால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகச் சட்டத்தில் இடமுண்டு. என் தோழி ஒருத்தி போட்ட மெயில் எதற்கும் பதிலில்லை. வழக்குப் போடப்போவதாக வக்கீல் கடிதம் போன பிறகு அப்பாயின்ட்மென்ட் வந்தது.

உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்பதால் கணவருக்கோ மனைவிக்கோ தானாகக் கிடைத்துவிடாது. அவர்களும் மூன்று வருடம் விசாவில் இருந்து, வாரத்துக்கு 20 மணி நேரமாவது வேலை பார்த்து, பி1-ம் முடித்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேருமாகச் சேர்ந்து படிக்கத் தொடங்குங்கள்.

வாங்கிய பிறகு, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்தால் பி.ஆர். போய்விடும்.  அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் அதிக நாள் தங்க வேண்டி வந்தால், கிளம்புவதற்கு முன்பே அலுவலகத்தில் காரணம் சொல்லிக் கூடுதல் அவகாசத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.