உமிழ்வு இலக்கு வைப்பது எப்படி: ஒரு விறகுக் கணக்கரின் யோசனை

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் விறகுக் கணக்கு எழுதுகிறேன். ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு எரிந்தது என்பதை அன்றன்றே பதிய வேண்டும். நாடுகள் அறிவிக்கும் பசுங்குடில் வாயு இலக்குகளையும் அதே கண்ணோடுதான் வாசிக்கிறேன்.

கல்லூரியில் நடத்தும் மாதிரிக் காலநிலை மாநாட்டுக்காக நீங்கள் ஒரு நாட்டின் இலக்கை வரைய உட்கார்ந்தால், சதவீதத்தை முதலில் எழுதிவிடாதீர்கள். புகை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஐ.நா.வுக்கு இந்தியா அளித்த கணக்கின்படி, காடுகள் உறிஞ்சியதைக் கழிக்காமல், 2020இல் நம் உமிழ்வு 295.9 கோடி டன். அதில் முக்கால் பங்கு எரிசக்தி. வேளாண்மை சுமார் 14 சதவீதம். நிலக்கரியைத் தொடாமல் இங்கே எந்த இலக்கும் நிற்காது.

அடுத்தது அடிப்படை ஆண்டு, அதாவது குறைப்பை எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம் என்பது. தகிடுதத்தம் நுழைவது இங்கேதான். 2020 ஊரடங்கு ஆண்டு. உமிழ்வு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்தது. உறைபனியில் இலை கருகிய ஜனவரியை வைத்து, இலை குவியும் மே மாத விறகை யாராவது மதிப்பிடுவார்களா? உமிழ்வைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் 1990இன் அளவைத் தாண்டுவதில்லை என்று ரஷ்யா ஒப்புக்கொண்டது. சோவியத் சரிவில் ஆலைகள் முடங்கி, அதன் உமிழ்வு அதற்கு முன்பே வெகுவாக இறங்கியிருந்தது. வியர்வை சிந்தாத வெற்றி! கனடாவோ 6 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. உமிழ்வு ஏறிக்கொண்டே போக, 2011இல் விலகுவதாக அறிவித்துவிட்டது.

அளவுகோலில் நிதானம் வேண்டும். 2030க்குள் உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வை, 2005ஐவிட 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா 2022இல் உறுதியளித்தது. ஆண்டுக்குச் சுமார் 2.4 சதவீதக் குறைப்பு. பொருளாதாரம் 6 சதவீதம் வளர்ந்தால் மொத்தப் புகை கூடத்தான் செய்யும். எங்கள் ஆலையிலும் கிலோவுக்கான விறகு குறைகிறது, முதலாளிக்கு மகிழ்ச்சி. வரத்து இலை கூடினால் விறகு லாரியும் கூடுதலாக வருகிறது. தலைக்கு உமிழ்வு குறைவாக உள்ள, வளர்கிற நாடு இந்த அளவுகோலை எடுப்பதில் தவறில்லை. மொத்த டன்னையும் பக்கத்திலேயே எழுதுங்கள், அவ்வளவுதான்.

மின்சாரத்திலும் இப்படித்தான். நிறுவுதிறனில், அதாவது நிலையங்கள் அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்சக்தியில், பாதி புதைபடிவமல்லாத எரிபொருள் என்ற 2030 இலக்கை 2025லேயே தொட்டுவிட்டோம். உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். சூரியத் தகடு இரவில் தூங்கும். எங்கள் மலையின் பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்களுக்கு அணையில் நீர் வேண்டும். எனவே நிறுவுதிறனுக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று என இரண்டு இலக்குகள் வையுங்கள்.

வேகத்தை இயந்திரங்களின் ஆயுள் தீர்மானிக்கிறது. அனல்மின் நிலையம் பல பத்தாண்டுகள் ஓடும். எது எப்போது மூடப்படும் என்ற பட்டியல் கையில் இல்லையென்றால், 2070இல் நிகர பூஜ்யம் (வெளியேற்றுவதும் உறிஞ்சுவதும் சமமாவது) என்று இந்தியா சொல்வது வெறும் தேதி. பிரிட்டன் 2008இல் சட்டம் இயற்றி, ஐந்தாண்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, கண்காணிக்கத் தனிக் குழுவையும் அமைத்தது. 2012இல் அதன் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரி. கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

கடைசியாகக் காடு. ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும், 10 சதவீதத்துக்கு மேல் மர விதானமும் இருந்தால், தோட்டமானாலும் அதைக் காட்டுப் பரப்பில் சேர்க்கிறது இந்திய வன அளவை நிறுவனம். எங்கள் மலையில் புல்வெளியை விழுங்கிய சீகையும் (வாட்டில் மரம்) தைலமரமும்கூட அந்தக் கணக்கில் பசுமைதான். புல்வெளி மண்ணில் தேங்கிய கரிமம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மரம் உறிஞ்சுவதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். நிலக்கரிக் கணக்கில் கழிக்காதீர்கள்.