241 கிலோ பைக்கும் கடைசிப் பத்தடியும்

என் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. நான் ஓட்டுவது ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 பைக், எடை 241 கிலோ. சாலையில் போகும்போது இந்த எடை தெரியவே தெரியாது. நிறுத்தப்போகும் கடைசிப் பத்தடியில்தான் தெரியும். இதுவரை இரண்டு முறை கீழே போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் நடை வேகம்தான்.

"இவ்வளவு பெரிய வண்டியைத் தாங்க உனக்குத் தெம்பு இருக்கா?" என்று பலர் கேட்கிறார்கள். தாங்கவே கூடாது என்பதுதான் விஷயம். நேராக நிற்கும் வண்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளலாம். எடையின் மையம் ஹேண்டிலின் பாதி உயரத்தில் இருப்பதாக வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். வண்டி 2 டிகிரி சாய்ந்தால் கையில் வருவது 4 கிலோ. 10 டிகிரியில் 20 கிலோ. 20 டிகிரியில் 40 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே சாயத் தொடங்கும்போதே பிடித்தால் பிடித்ததுதான். அதைத் தாண்டிப் போய்விட்டால் விட்டுவிட்டு விலகுங்கள். விழுந்தால் உடையும் பிரேக், கிளட்ச் லீவர்கள் உங்கள் முதுகைவிட மலிவு.

நடை வேகத்தில் வண்டியைச் சாயவிடாமல் ஓட்ட முதலில் பழக வேண்டியது கிளட்ச். மெதுவாகப் போவதற்கு ஆக்சிலரேட்டரைக் குறைத்துக் குறைத்துத் திருகுவது தவறு. அப்படிச் செய்தால் வண்டி வெட்டி வெட்டிப் போகும், ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் சாயும். ஃபர்ஸ்ட் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை ஐடிலுக்கு (திருகாமல் விட்டால் என்ஜின் ஓடும் வேகத்துக்கு) சற்று மேலே ஒரே நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்சை மெல்ல விடும்போது ஓரிடத்தில் என்ஜின் சத்தம் லேசாகக் கனத்து, வண்டி நகரப் பார்க்கும். அந்த இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள்தான் உங்கள் விரல்கள் விளையாட வேண்டும். வலது பாதம் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இருக்கட்டும். என்ஜின் முன்னே இழுக்கும், பிரேக் பின்னே பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி நிதானமாக நகரும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஒருமுறை காலுக்கும் கைக்கும் தெரிந்துவிட்டால் மறக்காது. கிளட்ச் கருகிவிடுமோ என்று பயம் வரும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்கள் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்பவை, சில நிமிடப் பயிற்சியை நன்றாகவே தாங்கும். உலர் கிளட்ச் உள்ள வண்டி என்றால் நடுநடுவே ஆறவிடுங்கள்.

முன் பிரேக்கைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் முதல் முறை வண்டியைப் போட்டது அதனால்தான். நிறுத்துமிடத்துக்குள் இடது பக்கம் முழுக்கத் திருப்பி நுழைந்துகொண்டிருந்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் குறுக்கே வந்தார். விரல்கள் தாமாகவே முன் பிரேக்கைப் பிடித்துவிட்டன. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் சக்கரம் சட்டென்று நின்றால், வண்டியின் எடை முழுவதும் திரும்பிய பக்கம் விழும். நான் கால் ஊன்றுவதற்குள் வண்டி தரையில் இருந்தது. அன்று முதல், நடை வேகத்தில் திரும்பும்போது வலது கையின் நான்கு விரல்களும் ஆக்சிலரேட்டர் பிடியைச் சுற்றியே இருக்கும், லீவர் மேல் ஒன்றுகூட இருக்காது. நிற்க வேண்டுமானால் பின் பிரேக். கடைசி ஒரு மீட்டரில் ஹேண்டிலை நேராக்கிவிட்டு நிற்பேன்.

கண்ணை முன் சக்கரத்தில் வைக்காதீர்கள். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். யூ டர்ன் எடுக்கும்போது தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் திருப்பி, எங்கே வெளியேற வேண்டுமோ அங்கே பாருங்கள். வண்டி உள்பக்கம் சாயட்டும், உங்கள் உடம்பு வெளிப்பக்கம் நகரட்டும். வேகமான வளைவில் செய்வதற்கு நேர் எதிர் இது. விழப்போவது போலத் தோன்றினால் கிளட்சை அழுத்தாதீர்கள், கொஞ்சம் விடுங்கள். பின் சக்கரத்துக்குக் கிடைக்கும் அந்தச் சிறு இழுப்பே வண்டியை நிமிர்த்திவிடும்.

பழகுவதற்கு ஒரு நல்ல அளவு ஜப்பானில் இருக்கிறது. அங்கே பெரிய பைக் உரிமத் தேர்வில் 30 சென்டிமீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள மேடைப் பாதையை 10 விநாடிக்குக் குறையாமல் கடக்க வேண்டும். சீக்கிரம் கடந்தால் மதிப்பெண் குறையும். காலியான இடத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு நான் இதைத்தான் பழகினேன். முதல் நாள் 6 விநாடி, மூன்றாவது வாரம் 11.

சரி, நிறுத்துவதற்கு வருவோம். உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியை யோசியுங்கள். சரிவில் மூக்கைக் கீழ்ப்பக்கம் விட்டுச் சுவர் ஓரமாக நிறுத்தினால், திரும்ப வரும்போது 241 கிலோவை மேட்டில் பின்னோக்கித் தள்ள வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது, உங்களாலும் அநேகமாக முடியாது. முன் சக்கரம் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, வண்டி தானாகவே பின்னால் இறங்கும்படி விடுங்கள். என்ஜினை அணைத்து, ஃபர்ஸ்ட் கியரில் விட்டுவிடுங்கள். முன்னோக்கி உருண்டால் சைடு ஸ்டாண்ட் மடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பக்கவாட்டுச் சரிவையும் பாருங்கள். ஸ்டாண்ட் பக்கம் மேடாக இருந்தால் வண்டி விறைப்பாக நிற்கும், ஒரு பை இடித்தாலே மறுபக்கம் போய்விடும். மண்ணும் வெயிலில் இளகிய தாரும் ஸ்டாண்டை விழுங்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

இறங்கித் தள்ளும்போது இடது பக்கம் நின்று, இடுப்பை டேங்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். வண்டியை ஒரு நூல் உங்கள் பக்கமாகவே சாய்த்து வையுங்கள். இடுப்புதான் தாங்கும், கை வழிகாட்டும். அந்தப் பக்கம் போனால் பிடிக்க ஆளில்லை. ஹேண்டில் லாக்கை எடுத்துவிட்டோமா என்று ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். நான் இரண்டாவது முறை போட்டது அதைப் பார்க்காமல் தள்ளியபோதுதான். சென்டர் ஸ்டாண்ட் போடுவதற்கும் கைபலம் வேண்டாம். முன்பு கிளாசிக் 350 வைத்திருந்தபோது, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொட்டதும் வலது காலில் முழு எடையையும் இறக்குவேன். அதுவாக ஏறிக்கொள்ளும்.

விழுந்துவிட்டால் முதலில் என்ஜினை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி வையுங்கள். கியர் போட்டபடியே இருக்கட்டும். ஹேண்டிலை விழுந்த பக்கமாகவே முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டின் விளிம்பில் பின்புறத்தை ஒட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், மறு கை சீட்டுக்கடியில் உறுதியான கம்பியில். முதுகை நேராக வைத்து, காலால் உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். கடைசி நொடியில் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் போய்விடும். ஸ்டாண்டில் நின்றதும் உடனே ஏறிக் கிளம்ப வேண்டாம். பெட்ரோல் வாசம் வருகிறதா, லீவர்கள் வளைந்திருக்கின்றனவா, ஹேண்டில் இரண்டு பக்கமும் முட்டாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, கை நடுக்கம் நின்றபின் எடுங்கள்.