காவல் நிலையத்துக்கு மனு எழுதுவது எப்படி: ஒரு ரைட்டரம்மா சொல்கிறேன்

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் தலைமைக் காவலர்தான். வரும் மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றுவது, எஃப்.ஐ.ஆர். தயாரிப்பது, கோர்ட்டுக்குப் போகிற காகிதங்களைச் சேர்த்துக் கட்டுவது என்று பாதி ஸ்டேஷன் அவர் மேஜையில்தான் ஓடும். தமிழ்நாட்டில் மூன்று ஸ்டேஷன்களில், மொத்தம் பதினொரு வருடம் நான் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாருக்காவது ஏதாவது என்றால், "ரைட்டரம்மா, ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார வைத்து அவர்களையே எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஒருநாள் காலையில் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா மகனோடு ஸ்டேஷனுக்கு வந்தார். கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கையில் மனு தயாராக இருந்தது, வெளியில் யாரோ எழுதிக் கொடுத்தது. "அடையாளம் தெரியாத மர்ம நபர்கள் இருவர் பயங்கர ஆயுதங்களைக் காட்டிக் கொலை மிரட்டல் விடுத்து, ஏழு பவுன் தங்கச் சங்கிலியை..." என்று போனது.

"கத்தியை எந்தக் கையில வெச்சிருந்தான்மா?" என்று கேட்டேன்.

"கத்தியா? கத்தியெல்லாம் இல்லம்மா. ரேஷன் கடை எங்கன்னு கேட்டான், நான் கையைக் காட்டுனேன், இழுத்துட்டான்."

ஏழு பவுனுக்கும் பில் இல்லை. மகன் கொண்டுவந்திருந்த பில்லில் 36 கிராம், அதாவது நாலரை பவுன். கூட்டிப் போட்டால்தான் போலீஸ் சீக்கிரம் தேடும் என்று எழுதிக் கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அந்த மனு அப்படியே எஃப்.ஐ.ஆரில் ஏறியிருந்தால், பின்னால் கோர்ட்டில் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தக் கத்தியைப் பற்றித்தான். கத்தி இல்லை என்றால், செயினைப் பறித்தது மட்டும் எப்படி உண்மை என்பார். ஒரு பொய் வரி உண்மையான பத்து வரியையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அவரையே திரும்பச் சொல்லச் சொல்லி எழுதினோம். நகை, முகவரி விவரங்களைத் தவிர்த்து அந்த மனு ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இன்று காலை சுமார் 5.45 மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கறுப்பு நிற மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி வந்து ரேஷன் கடை எங்கே என்று கேட்டான். நான் நிமிர்ந்து கையைக் காட்டும்போது என் கழுத்தில் இருந்த செயினைப் பிடித்து இழுத்து அறுத்துக்கொண்டு, அதே வண்டியில் ஏறித் தெற்குப் பக்கம் போய்விட்டார்கள். வண்டி நம்பரைப் பார்க்கவில்லை. இழுத்தவனுக்கு 25 வயது இருக்கும், மெலிந்த உடம்பு, நீல நிற முழுக்கைச் சட்டை. மறுபடி பார்த்தால் அடையாளம் காட்டுவேன். ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான், முகம் தெரியவில்லை. செயின் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் அறுந்து பற்றவைத்தது. அது மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும்."

"பார்க்கவில்லை", "தெரியவில்லை" என்று இருப்பதைக் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் மனு பலவீனமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தெரிந்ததை நம்ப வைப்பதே அந்த வரிகள்தான். "மறுபடி பார்த்தால் அடையாளம் காட்டுவேன்" என்ற வரியும் முக்கியம். ஆள் பிடிபட்டால் அடையாள அணிவகுப்பு, அதாவது பலரை வரிசையாக நிறுத்தி அவரைக் காட்டச் சொல்வது, நடத்த அதுதான் அடிப்படை. முகம் பார்க்காதவர் அதை எழுதக் கூடாது.

சில மாதம் கழித்து வேறொரு வழக்கில் பிடிபட்ட ஆளிடம் இருந்து நாலைந்து செயின்கள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. அந்த அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, நகத்தால் அந்த வெளுத்த வளையத்தைத் தொட்டுக் காட்டினார். பற்றவைத்த இடத்தில் துளி மாதிரி ஒரு புடைப்பு. மனுவில் முதல்நாளே எழுதியிருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை.

எழுதும் முன்னால் செய்ய வேண்டியது

ஆபத்து இன்னும் நடந்துகொண்டிருந்தால் மனுவே வேண்டாம், 112 அல்லது 100. எங்கே இருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், போன் பாதியில் துண்டித்தாலும் இடம் தெரிந்துவிடும். என்ன நடந்தது என்பதை அடுத்துச் சொல்லலாம்.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுவது. ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கும் நேரத்தில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் தாவிவிடும். 1930-க்குச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்கு உடனே தகவல் போகும். எடுக்கப்படாமல் இருக்கிற தொகையை நிறுத்தி வைக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மிச்சம். கூப்பிடும் முன் எந்த வங்கி, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ என்றால் அந்தப் பணம் அனுப்பிய விவரத்தில் யுடிஆர் என்று 12 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான். அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழு விவரத்தையும் பதிய வேண்டும். உங்கள் வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள்.

ஏமாற்றியவனுடைய வாட்ஸ்அப் செய்திகளை அவமானத்தில் அழித்துவிடுகிறார்கள். மகன் பார்த்துவிடுவானே, வீட்டுக்காரர் திட்டுவாரே என்று. தயவுசெய்து அழிக்காதீர்கள். ஏமாந்தது குற்றமில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் மூலச் செய்தி போனிலேயே இருக்கட்டும்.

சம்பவ இடத்துக்குப் பக்கத்தில் சிசிடிவி இருந்தால் அந்தக் கடைக்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ அன்றைக்கே சொல்லிவையுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதுசு ஏறிவிடும். இன்னொன்று: அந்தத் திரையில் ஓடும் நேரத்தை உங்கள் போனில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல கேமராக்களில் கடிகாரம் பத்து நிமிடம், சிலதில் மணிக்கணக்கில் தள்ளி ஓடும். எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக் கொடுத்தால் தேடுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மனுவில் எதை எழுத, எதை விட

அனுப்புநர், பெறுநர், தேதி, போன் நம்பர் எல்லாம் வழக்கம்போலத்தான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். நேரம் துல்லியமாகத் தெரியாவிட்டால் "சுமார்" போடுங்கள். இடத்துக்குக் கதவு எண் இல்லையென்றால் பக்கத்தில் உள்ள கோயில், டீக்கடை, மின்கம்பம் எதையாவது சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்பதே சில சமயம் அந்த ஒரு வரியில்தான் முடிவாகும்.

தாமதமாகப் புகார் கொடுத்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதுங்கள். "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்", "பீரோவைத் திறந்து பார்த்தபோது இன்றுதான் தெரிந்தது". ஒரு வரி போதும். அதை எழுதாமல் விட்டால் பின்னால் கோர்ட்டில் அதையே பெரிதாகக் கேட்பார்கள்.

யார் மேலாவது சந்தேகம் இருந்தால், என்ன காரணத்தால் சந்தேகம் என்று சேர்த்து எழுதுங்கள். வாய்க்கால் தகராறை மனதில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன் பெயரைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் ஸ்டேஷன் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, எடுத்தவன் வேறு ஊரில் நகையை விற்றுக்கொண்டிருப்பான். தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது குற்றமும்கூட.

சட்டப்பிரிவு எண்ணை நீங்கள் போட வேண்டாம். அது ஸ்டேஷன் வேலை. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களே மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டு என்றாலே 379 என்று சொல்லிப் பழகிய எங்களுக்கே 303 என்று எழுதக் கை பழக நாளாயிற்று. பறித்துக்கொண்டு ஓடுவதற்குத் தனியாக 304 வந்திருக்கிறது.

ரசீது வாங்காமல் வராதீர்கள்

மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எண்ணோடு ரசீது கேளுங்கள். ஆனால் ஒன்று, சி.எஸ்.ஆர். என்பது மனு பெற்றதற்கான அத்தாட்சி மட்டும்தான். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வண்டி திருட்டு போய், சி.எஸ்.ஆரை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பிய பிறகு ஓடிவந்தவர்கள் உண்டு.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவை ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள். "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிந்து, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். பிரதி புகார்தாரருக்கு இலவசம். மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு, எஃப்.ஐ.ஆருக்கு முன் 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை செய்ய இடம் உண்டு.

ஸ்டேஷனில் பதிய மறுத்தால் சத்தம் போட வேண்டாம். அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். நான் அந்த நாற்காலியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், மறுப்பது தவறு. இரவு இரண்டு மணிக்கு வந்த ஒரு பெண்ணை "காலையில வாம்மா" என்று அனுப்பியதைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ஏதாவது தொலைந்துபோனது என்றால் இவ்வளவு பாடு இல்லை. சான்றிதழ், லைசென்ஸ் போன்றவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். போன் என்றால் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கென்றே உள்ள தனி எண்ணைக் கொடுத்து முடக்கலாம். ஆனால் போன் போன பிறகு அந்த எண்ணுக்கு எங்கே போவீர்கள்? இன்றைக்கே *#06# அழுத்தி, வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வண்டியின் இன்ஜின் எண், சேசிஸ் எண், நகைகளை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் எடுத்த போட்டோ, பில் எல்லாம் அதோடு இருக்கட்டும்.

போலீஸ் என்று போன் வந்தால்

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, ஏனென்றால் எங்கள் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் ஏமாற்றுகிறார்கள். வீடியோ காலில் ஒருவன் வருவான். பின்னால் காவல்துறை சின்னம் இருக்கும். உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே என்பான். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவுமே இல்லை. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சாட்சி விசாரணைக்கென்று பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அவர்கள் வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் சட்டம். நிஜப் போலீஸ் யாரும் "சரிபார்க்க" என்று பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். போனை வையுங்கள். பக்கத்து ஸ்டேஷனுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றைக்கே வாயால் சொல்லிவிடுங்கள், ஃபார்வர்டு செய்தால் படிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மனு கொடுத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பல விஷயங்கள் ஞாபகம் வரும். வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், அவன் பேசிய விதம், கையில் குத்தியிருந்த பச்சை. கொடுத்த மனுவைத் திருத்தக் கேட்காதீர்கள், புது மனுவும் எழுதாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் இருக்கும் குற்ற எண்ணைச் சொல்லி விசாரணை அதிகாரியைப் பாருங்கள். கூடுதல் வாக்குமூலமாக எழுதிக்கொள்வார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.