எகிப்துக்கு ‘கே’ குழுவோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்றே நடக்கும் குழுச் சுற்றுலாக்களில் எகிப்துக்கு எப்போதும் கிராக்கிதான். கீசா பிரமிடுகள், லக்சரிலிருந்து அஸ்வான் வரை நைலில் சில நாள் கப்பல், அபு சிம்பெல் கோயில். இதில் பெரிய நிம்மதியே பஸ்ஸுக்குள் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை என்பது. “இன்னும் கல்யாணம் ஆகலையா தம்பி?” என்று பக்கத்து சீட்டில் யாரும் துருவ மாட்டார்கள். சிக்கலும் அந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது. பஸ்ஸுக்குள் கிடைத்த சுதந்திரம் இறங்கும்போதும் கூடவே வரும் என்று நினைத்துவிடுகிறோம்.

“எகிப்துச் சட்டத்தில் தன்பாலுறவு குற்றம் என்று எழுதவே இல்லையாமே” என்று விமானத்திலேயே ஒருவர் ஆரம்பிப்பார். எழுத்தளவில் அவர் சொல்வது சரி. ஆனால் விபசாரத் தடுப்புக்காக 1961இல் வந்த 10ஆம் எண் சட்டத்தில் ‘ஃபுஜூர்’ என்றொரு சொல் இருக்கிறது. ஒழுக்கக்கேடு என்று பொருள் கொள்ளலாம். அந்த ஒரு சொல்லை வைத்தே ஆண்களைப் பிடித்து மூன்றாண்டு வரை உள்ளே தள்ள முடிகிறது. 2001 மே மாதம் கெய்ரோவில், நைல் மேல் மிதந்த இரவு விடுதியில் போலீஸ் நுழைந்ததைத் தொடர்ந்து 52 ஆண்கள் மீது வழக்கு நடந்தது. 2017 செப்டம்பரில் ஓர் இசை நிகழ்ச்சியில் வானவில் கொடி உயர்ந்தது. அதன் பிறகு நாட்டில் பல நாள் கைது வேட்டை. தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த நம்மூர் 377ஆவது பிரிவு நேராக மிரட்டியது, எல்லைக்கோடாவது கண்ணுக்குத் தெரிந்தது. எகிப்தில் அதுவும் தெரியாது.

அடுத்த தவறு கைப்பேசியில். தன்பாலீர்ப்பு ஆண்கள் துணை தேடும் கிரைண்டர் போன்ற செயலிகளை ஊரில் இறங்கியதும் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எகிப்துப் போலீஸ் அதே செயலிகளில் பொய்ப் பெயரில் உட்கார்ந்து இனிக்க இனிக்கப் பேசி, சந்திக்க வரச் சொல்லி, வந்தவரைப் பிடிப்பது பல வழக்குகளில் பதிவான நடைமுறை. அரட்டையும் படங்களும் அப்படியே சாட்சியாகிவிடும். 2014இல் கிரைண்டர் நிறுவனமே அந்நாட்டில் ஒருவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று காட்டுவதை நிறுத்தியது. ஆனால் நாமே கிளம்பிப் போனால் அது எப்படிக் காப்பாற்றும்? விமானம் ஏறுவதற்கு முன்பே செயலியை நீக்குங்கள், படத் தொகுப்பையும் ஒருமுறை அலசுங்கள். பிடிபட்ட வெளிநாட்டவரை நாட்டை விட்டு அனுப்பிவிடக்கூடும். உங்களோடு பேசிய உள்ளூர்ப் பையனுக்கு அந்த வசதி இல்லை.

வழிகாட்டி விஷயத்திலும் இதே கணக்குதான். எகிப்தில் தலங்களைச் சுற்றிக்காட்ட உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி வருவார். குழு எப்படிப்பட்டது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தெரிந்தே வரும் வழிகாட்டியிடம் “நீங்களும் நம்ம ஆள்தானா?” என்று பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. அவரைத் தோளில் கைபோட்டுப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றி, குழுவின் பெயரையும் சேர்த்துப் போடுவது அசட்டுத்தனம்கூட இல்லை, துரோகம். நாம் பத்தாம் நாள் விமானம் ஏறிவிடுவோம். அவர் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்.

படம் என்றதும் இன்னொன்று. குழுவில் உள்ள எல்லோரும் வீட்டில் சொல்லிவிட்டவர்கள் அல்லர். கர்னாக் கோயில் தூண்களுக்கு முன் நீங்கள் எடுத்த குழுப்படம், நிறுவனத்தின் பெயரோடு யாரோ ஒருவரின் குடும்ப வாட்ஸாப் குழுவில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டாம். முதல் நாள் இரவே எல்லோரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். பெட்டியில் தொங்கும் பெயர்ச்சீட்டில் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

இரண்டு ஆண்கள் தெருவில் கைகோத்துப் போவதைப் பார்த்து “அட, இங்கே எல்லாம் சகஜம் போலிருக்கே” என்று மயங்குவோர் உண்டு. நம்மூரைப் போலவே அங்கேயும் அது வெறும் தோழமை. விடுதி அறையில் இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய கட்டில் வேண்டுமென்றால் ஏற்பாட்டாளர் வழியாக முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள், வரவேற்பு மேசையில் நின்று வாதாடாதீர்கள். அபு சிம்பெலுக்கு அஸ்வானிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர், விடியுமுன் கிளம்ப வேண்டும். முந்தைய இரவு கப்பல் மேல்தளத்தில் கூத்தடித்தவர்கள் அங்குள்ள ராம்சேஸ் மன்னனின் சிலைக் காலடியில் தூங்கி விழுவார்கள். கோடையில் லக்சர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய் வருவது உடம்புக்கு நல்லது.

நம் கதையைத் தேடித்தான் போகிறோம் என்றால் அதற்குரிய இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் காதலன் அந்தினோஸ் கி.பி. 130இல் நைலில் மூழ்கி இறந்தான். அவன் பெயரில் பேரரசர் எழுப்பிய நகரம் மின்யா பக்கம் இருக்கிறது. லக்சர்–அஸ்வான் கப்பல் அந்தத் திசைக்கே போகாது. போனாலும் இடிபாடுதான் மிச்சம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிரேக்கத்தில் டெல்ஃபி அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

எகிப்தில் தவறவிடக் கூடாதது கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில் இருக்கிறது. பெரும்பாலான பஸ்கள் ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். கொஞ்சம் தள்ளி, உனாஸ் பிரமிடுக்குப் போகும் பழைய நடைபாதையருகே, 1964இல் கண்டெடுத்த ஒரு கல்லறை இருக்கிறது. நியான்க்நூம், க்நூம்ஹோதெப் என்ற இருவரும் பண்டைய எகிப்தின் ஐந்தாம் அரச வம்சத்தில் அரண்மனையில் நகம் திருத்துவோருக்கு மேற்பார்வையாளர்கள். சுவரில் மூக்கோடு மூக்கு உரசத் தழுவி நிற்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் இந்தக் கல்லறை இருக்கிறதா, அன்றைக்குத் திறந்திருக்குமா, தனிச் சீட்டு வேண்டுமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

உள்ளே போனதும் “உலகின் முதல் ஆண் தம்பதி” என்று அறிவித்துவிடுவதுதான் கடைசித் தவறு. இருவருக்கும் மனைவி, மக்கள் இருந்ததை அதே சுவர்கள் காட்டுகின்றன. இரட்டையர் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, காதலர் என்போரும் உண்டு. விருந்துக் காட்சியில் நியான்க்நூமின் பின்னால் இருந்த மனைவியின் உருவம் ஏறக்குறைய அழிந்திருக்கிறது. ஏன் என்று கல் சொல்லாது. வழிகாட்டி ஒரு நொடி தயங்கி, “சகோதரர்கள்” என்பார். அவரோடு அந்த இடத்தில் சண்டைக்குப் போகாமல், இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று பாருங்கள். மற்றவர்கள் வெளியேறிய பிறகு அவரே டார்ச்சை அந்த மூக்குகளின் மேல் இன்னொரு தடவை பிடிப்பார்.