உங்கள் உணவு நிறுவனத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வதந்தி பரவினால்: முதல் 24 மணி நேரம்

2021 செப்டம்பரில், ஐடி ஃப்ரெஷ் இட்லி மாவில் மாட்டெலும்பு சேர்க்கிறார்கள் என்ற பொய் வாட்ஸ்அப்பில் பரவியது. 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் அரசியல் விவகாரமானபோது அமுலின் பெயரும் அதில் இழுக்கப்பட்டது. திருமலைக்குத் தாங்கள் நெய் வழங்கியதே இல்லை என்று அமுல் உடனே அறிவித்து, காவல்துறையிலும் புகார் கொடுத்தது. மதமும் அரசியலும் கலந்த வதந்தி வேகமாக ஓடும். அதை எதிர்கொள்ளும் வேலை வதந்தி வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

முன்பே தயாராக இருக்க வேண்டியவை

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம், மூலப்பொருள் பட்டியல், சப்ளையர் பில்கள், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சமீபத்திய பேட்ச் அறிக்கைகள். வதந்தி கிளம்பிய பிறகு சாம்பிள் அனுப்பினால் முடிவு வரப் பல நாள் ஆகும். அதற்குள் சரக்கு கடையிலிருந்து திரும்பி வந்துவிடும்.

லேபிளில் உள்ள ஒவ்வொரு வாசகத்தையும் வழக்கறிஞரோடும் தரக்கட்டுப்பாட்டு ஆளோடும் உட்கார்ந்து படியுங்கள். 2015இல் மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்த சிக்கலில், அளவுக்கு மீறி ஈயம் இருப்பதாக வந்த புகார் பாதி என்றால், எம்எஸ்ஜி (மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டி) சேர்க்கவில்லை என்ற லேபிள் வாசகம் மீதி. சேர்க்காவிட்டாலும் சில மூலப்பொருள்களில் குளுட்டமேட் இயற்கையாகவே இருக்கும், சோதனையில் தெரியும். பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது ஆகஸ்டில். மேகி கடைக்குத் திரும்பியது நவம்பரில்.

மறுப்பு அறிக்கைக்கு ஒப்புதல் தர இருவர் போதும். ஒருவர் விமானத்தில் இருந்தாலும் மற்றவர் கையெழுத்திடலாம். ஆறு பேர் திருத்தும் அறிக்கை மறுநாள்தான் வெளியே வரும்.

முதல் மணி நேரம்: ஆதாரம்

கோபத்தில் பதில் போடுவதற்கு முன் ஆதாரத்தைச் சேமியுங்கள். வாட்ஸ்அப் செய்திக்கு இணைய முகவரி கிடையாது. அதனால் செய்தி வந்த குழுவை விட்டு வெளியேறக் கூடாது, அந்தச் செய்தியை அழிக்கவும் கூடாது. வீடியோவை கேலரியிலிருந்து மறுபடி அனுப்பினால் அது சுருங்கி, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு மாறிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பிச் சேமியுங்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஃபேஸ்புக், எக்ஸ் பதிவுகளுக்கு முகவரி, தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் அன்றே புகாரைப் பதியுங்கள்.

இதே நேரத்தில் இன்னொருவர் தொழிற்சாலையில் பேட்ச் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். சொல்லப்படுவதில் ஒரு துளி உண்மை இருந்தாலும் முழு மறுப்பு வேண்டாம். தவறு இருந்தால் பேட்ச் எண்ணைச் சொல்லி, சரக்கைத் திரும்ப எடுக்கிறோம் என்று அறிவியுங்கள். பொய்யான மறுப்பு ஒன்று வெளிப்பட்டால், அடுத்து வரும் உண்மையான மறுப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுப்பை எழுதும் விதம்

வதந்தியைத் தலைப்பில் திரும்பச் சொல்லாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும்போது அந்த வரிதான் கண்ணில் படும். உண்மையை முதல் வரியாக வையுங்கள்: எங்கள் மாவில் இருப்பவை அரிசி, உளுந்து, வெந்தயம், தண்ணீர். அடுத்து ஆய்வக அறிக்கை எண், சரிபார்க்க வலைத்தள முகவரி, தொலைபேசி எண். மொத்தம் 60 சொற்களுக்குள், ஒரே படமாக, பெரிய எழுத்தில். தேதியும் நேரமும் கட்டாயம். மூன்று பக்க பிடிஎஃபை எந்தக் குடும்பக் குழுவும் திறக்காது. கூடவே 30 நொடி வாய்ஸ் நோட்டும் தமிழில் வேண்டும். கடைக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால், பங்கு விலையை அசைக்கக்கூடிய தகவல் முதலில் போக வேண்டிய இடம் பங்குச்சந்தை. பட்டியலிடப்படாத நிறுவனமானால் மறுப்பை முதலில் விநியோகஸ்தர்களுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் அனுப்புங்கள், பிறகு ஊழியர்களுக்கு, அதன் பிறகே ஊடகத்துக்கு. வாடிக்கையாளர் சந்தேகத்தோடு நிற்பது மளிகைக் கடை வாசலில். கடைக்காரர் கையில் பதில் இல்லையென்றால் உங்கள் பாக்கெட் பின் அடுக்குக்குப் போய்விடும்.

அரசியல் கலந்தால்

குற்றச்சாட்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சொன்னவர் பெயர், கட்சி எதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டாம். 2017இல் தனியார் பாலில் ரசாயனம் கலக்கப்படுவதாக அன்றைய தமிழகப் பால்வளத்துறை அமைச்சர் பேசியபோது, மூன்று பால் நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆதாரமின்றி அப்படிப் பேச நீதிமன்றம் தடை விதித்தது. அதுதான் சரியான இடம். தமிழகத்தில் பல செய்தி சேனல்களுக்குக் கட்சிச் சாயல் உண்டு. ஒரு சேனலுக்கு முதலில் பேட்டி கொடுத்தால், அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்றே எதிர்த்தரப்பு பேசும். எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் ஒரே அறிக்கை போகட்டும்.

போலி முகம், போலிக் குரல்

2024 ஏப்ரலில், தன் தலைமை அதிகாரி பங்குகளைப் பரிந்துரைப்பதுபோல் டீப்ஃபேக் (செயற்கை நுண்ணறிவால் செய்த போலி) வீடியோ சுற்றுவதாக தேசியப் பங்குச்சந்தை எச்சரிக்க நேர்ந்தது. நிறுவனத் தலைவர் எந்தெந்தக் கணக்குகளில் மட்டுமே பேசுவார் என்பதை வலைத்தளத்தில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். போலி வீடியோ வந்தால், உண்மையான தலைவர் அன்றைய தேதியைச் சொல்லி அதே கணக்கில் பேசட்டும். ஹாங்காங்கில் அருப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி வீடியோ அழைப்பை நம்பி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். பணம் அனுப்பச் சொல்லும் அழைப்பு யார் முகத்தோடு வந்தாலும், ஏற்கெனவே கையில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைத்து உறுதி செய்வதைக் கணக்குப் பிரிவில் கட்டாயமாக்குங்கள்.

அடுத்த ஒரு வாரம், விற்பனைப் பிரதிநிதிகள் கடைகளில் கேட்ட கேள்விகளைத் தினமும் மாலையில் எழுதி வாங்குங்கள். ஒரே கேள்வி மூன்று மாவட்டங்களிலிருந்து வந்தால் மறுப்புப் படத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்து, புதிய தேதியிட்டு மறுபடி அனுப்புங்கள்.