செல்வக் குறியீட்டை வருமானம் என்று படிக்காதீர்கள்

தேசியக் குடும்ப நல ஆய்வு யாரிடமும் மாத வருமானம் கேட்பதில்லை. தரை மண்ணா சிமென்ட்டா, அடுப்பு எது, கழிப்பறை எப்படி, மெத்தை, மின்விசிறி, வண்டி இருக்கிறதா என்று விசாரித்து, முதன்மைக் கூறு பகுப்பாய்வு (பல விவரங்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் புள்ளியியல் முறை) மூலம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது; அதுதான் செல்வக் குறியீடு. அந்த வரிசையை ஐந்தாக வெட்டினால் கிடைப்பவைதான் ‘மிக ஏழை’ முதல் ‘மிகச் செல்வர்’ வரையான பிரிவுகள். இந்தச் செய்முறையை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

எல்லாவற்றிலும் மோசமானது, இரண்டு சுற்றுகளின் பிரிவுகளை ஒப்பிட்டு வறுமை குறைந்தது, கூடியது என்று எழுதுவது. 2015-16 ஆய்விலும் 2019-21 ஆய்விலும் இந்திய அளவில் கீழ்ப்பிரிவு 20 சதவீதம்தான், அப்படித்தான் வெட்டுகிறார்கள். மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு சுற்றுத் தரவையும் ஒன்றாக்கி, இரண்டிலும் கேட்கப்பட்ட பொருட்களை மட்டும் வைத்து ஒரே குறியீடாகக் கணக்கிடுங்கள்.

அந்த 20 சதவீதம் வீடுகளின் கணக்கல்ல, வழக்கமாக வசிக்கும் ஆட்களின் கணக்கு. ஏழை வீடுகளில் குழந்தைகள் அதிகம் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் கீழ்ப்பிரிவில் 20 சதவீதத்துக்கு மேல் வரும். அது பிழையல்ல, ‘சரிசெய்கிறேன்’ என்று மறுபடி வெட்டிவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுத் தரவில் இன்னொரு சிக்கல். 2006-க்குப் பின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது; 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. தொலைக்காட்சியும் மின்விசிறியும் குறியீட்டுப் பட்டியலில் உள்ளவை. இந்தியா முழுவதையும் வைத்துப் பார்த்தால் அவை வசதியின் அடையாளம். இங்கே கூலி வேலை செய்யும் குடும்பத்திலும் இருப்பவை. அதனால் அந்த வீடு மேலே ஏறிவிடுகிறது, தேசியக் கீழ்ப்பிரிவில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மிகக் கொஞ்சமே மிஞ்சுகின்றன. அந்தச் சில வீடுகளை வைத்து ‘தமிழக ஏழைகளின் நிலை’ என்று அட்டவணை போட்டால் எண்கள் தாறுமாறாக ஆடும். மாநிலத்துக்குள் ஒப்பிட, ஆய்வின் தரவுக் கோப்பில் எச்வி271 என்ற பெயரில் இருக்கும் செல்வ மதிப்பெண்ணை எடுத்து, குடும்ப எடையை (மாதிரியில் வந்த ஒரு வீட்டுக்குக் கணக்கில் எவ்வளவு பங்கு என்று சொல்லும் எண்; கோப்பின் எச்வி005-ஐ 10 லட்சத்தால் வகுத்தது) வழக்கமாக வசிப்போர் எண்ணிக்கையால் பெருக்கி, மாநிலத்துக்குள்ளேயே ஐந்தாகப் பிரியுங்கள்.

நகரத்தையும் கிராமத்தையும் ஒரே குறியீட்டில் அளக்கும்போது கிராமம் தாழ்ந்தே தெரியும். கிராமத்து வசதி ஆட்டிலும் மாட்டிலும் நிலத்திலும் இருக்கிறது, பட்டியலோ வீட்டுப் பொருட்களின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்ட பிரிவு கோப்பிலேயே எச்வி270ஏ என்று இருக்கிறது.

கழிப்பறையும் குடிநீரும் மதிப்பெண்ணுக்குள்ளேயே இருப்பதால், ‘செல்வம் கூடினால் வயிற்றுப்போக்கு குறைகிறது’ என்ற முடிவு பாதி தன்னையே நிரூபிக்கிறது. அந்த இரண்டையும் நீக்கிக் குறியீட்டை மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.

வீட்டுப் பொருட்களை மட்டும் வைத்து ‘வர்க்கம்’ என்று எழுதுவதும் தவறு. வர்க்கத்துக்குத் தொழில் வேண்டும். 2019-21 சுற்றில் அந்தக் கேள்விகள் சுமார் 15 சதவீத வீடுகளின் துணை மாதிரியில் மட்டுமே கேட்கப்பட்டன. தொழிலும் சம்பளமும்தான் உங்கள் கேள்வி என்றால் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பை எடுங்கள்.